எத்திலீனுடன் உட்கார்ந்த ஜைனம்பு

ஜைனம்பு அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்கு வந்த கோபம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து லப்பைக்குடிக்காட்டுக்கு இன்னொரு பஸ். மண்டையைப் பிளக்கும் வெயிலில் இறங்கி, மாடிப்படி ஏறி, புரொஜெக்டரை எடுத்து வைத்து, வயர் எங்கே, பிளக் எங்கே என்று தேடி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். சரியாக அந்த நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்.

"டீச்சர், சாப்ட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் டிபன் பாக்ஸ் மேசைக்கு வந்திருக்கும். பாடம் ஆரம்பிக்க வேண்டிய டீச்சர் இடியாப்பத்தைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருப்பாள். வகுப்பே வேடிக்கை பார்க்கும். என்ன மரியாதை மிஞ்சும், சொல்லுங்கள்!

"அக்கா, நீங்க படிக்க வந்தீங்களா, எனக்கு ஆக்கிப் போட வந்தீங்களா?" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன்.

"ரெண்டுக்குந்தான். பசியோட நீங்க சொல்லிக் குடுத்தா எங்களுக்குத்தான் திட்டு வுழுவுது டீச்சர்," என்றார் அவர், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல்.

அது படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்கான வகுப்பு. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த ஹாலைக் கொடுத்திருந்தார்கள். மதியத் தொழுகை முடிந்ததும் ஆரம்பித்தால் மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்கும்வரை பாடம். தனித்தேர்வர்களாகப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இவர்களைத் தயார் செய்வது என் வேலை. எனக்கு இருபத்தாறு வயது, பி.எட். முடித்துவிட்டு நிரந்தர வேலைக்குக் காத்துக்கொண்டிருப்பவள். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். ஜைனம்பு அக்காவுக்கு நாற்பத்தொன்று. மிரட்டினால் சிரிப்பார்கள், கொஞ்சினால் இன்னும் சிரிப்பார்கள்.

ஜைனம்பு அக்கா ஏன் படிக்க வந்தார் என்பது ஊருக்கே தெரியும். அவர் வீட்டுக்காரர் பீர் முகமது ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். கல்யாணமான வருஷமே சபுருக்குப் போனவர். வெளிநாட்டுப் பிழைப்பை அங்கே சபுர் என்றுதான் சொல்வார்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், பெட்டியில் இருக்கும் சாக்லேட் தீர்வதற்குள் திரும்பிவிடுவார். மூத்த மகள் ஃபைஸாவுக்கு நிச்சயம் நடந்ததைக்கூட வீடியோ காலில்தான் பார்த்தார். நிச்சயத்துக்குச் சில மாதம் முன்பு அவர் லீவு முடிந்து கிளம்பிய அன்று, வாசலில் கார் நிற்க, வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்க, அக்கா அவரிடம் கேட்டிருக்கிறார்.

"எப்பத்தாங்க ஒரேயடியா வருவீங்க?"

மனுஷர் ஷூவை மாட்டிக்கொண்டே சிரித்தாராம். "நீ பத்தாவது பாஸ் பண்ணு ஜைனம்பு. மறு மாசமே பெட்டியக் கட்டிட்டு வந்துடுறேன்."

வீடே சிரித்திருக்கிறது. இவர் சிரிக்கவில்லை.

"இத்தன பேரு முன்னாடி சொல்லியிருக்கீங்க. மாற மாட்டீங்கல்ல?"

"மாற மாட்டேன், போ."

அடுத்த வாரமே அக்கா எங்கள் மாடிப்படி ஏறிவிட்டார். பத்தாம் வகுப்பில் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் கல்யாணம் ஆகி நின்றுபோன படிப்பு. என்னிடம் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "எனக்கு வேலை வேணாம், மார்க்கும் நெறைய வேணாம் டீச்சர். பாஸ் மட்டும் போட்டுக் குடுங்க. என் மாப்பிள்ளைய நான் ஊருக்குக் கூப்புடணும்."

பாஸ் என்ன, பரோட்டாவா, போட்டுக் கொடுக்க? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து நான் அப்படிச் சொல்லவில்லை.

தமிழ், சமூக அறிவியல் எல்லாம் கதை மாதிரி ஓடியது. கணக்கில் அக்கா என்னையே திருத்துவார். அறிவியல்தான் தண்ணி காட்டியது. படிப்பார், படிப்பார், மறுநாள் கேட்டால் எல்லாம் ஆவியாகிப் போயிருக்கும். நாற்பது வயதில் மனப்பாடம் ஏறாது என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் யார் வீட்டுப் பெண் யார் வீட்டுக்கு மருமகளாகப் போனாள், அவளுடைய சின்ன நாத்தனார் பெயர் என்ன, எல்லாம் நாக்கு நுனியில் வைத்திருக்கும் ஒரு பொம்பளைக்கு ஞாபக சக்தி இல்லையாம்!

அப்போதுதான் மைண்ட் மேப்பைக் கொண்டுவந்தேன். அதற்கென்று இலவசமாக ஒரு ஆப் கிடைத்தது. நடுவில் ஒரு வட்டம், அதில் பாடத்தின் பெயர். அதிலிருந்து கலர் கலராகக் கிளைகள், கிளை முனையில் ஒவ்வொரு விஷயம். புரொஜெக்டரில் போட்டுக் காட்டி, பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன்.

"வேர்க்கடலைச் செடியப் புடுங்கிப் போட்ட மாரி இருக்கு டீச்சர்," என்றாள் தனம். பக்கத்து ஊர்க்காரி, வீட்டில் காடு, மாடு எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவாள். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

ஜைனம்பு அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "இது சஹன்தானே டீச்சர்!"

சஹன் என்பது அந்த ஊர் விருந்துகளில் வைக்கும் பெரிய வட்டத் தட்டு. நடுவில் நெய்ச்சோறோ பிரியாணியோ குவித்து வைத்திருப்பார்கள். அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டும். பெண்கள் பக்கம் சஹன் வைக்கும் பொறுப்பு என்றால் ஊரில் ஜைனம்பு அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். யாரை யாரோடு உட்கார வைக்கலாம், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

அன்று சாயங்காலமே ஃபைஸாவைப் பிடித்து உட்கார வைத்து, ஆப்பைப் போனில் இறக்கி, தமிழில் தட்டுவதற்கும் கற்றுக்கொண்டுவிட்டார். "எங்க உம்மா போனைக் குடுக்கவே மாட்டேங்கிறாங்க டீச்சர்," என்று அந்தப் பெண் என்னிடம் புகார் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. அக்கா வரைந்த முதல் சஹன் இதயம். நாலு அறை, நாலு பேர். கச்சிதமாகப் பொருந்தியது.

"இதோ வலது ஆரிக்கிள் உக்காந்திருக்கா. அவ வாங்கி வலது வெண்ட்ரிக்கிள்கிட்ட தள்ளுறா. இவ நுரையீரலுக்கு அனுப்பி வுடுறா. அங்கேருந்து சுத்தமாகி வரத இடது ஆரிக்கிள் வாங்குறா. இடது வெண்ட்ரிக்கிள்தான் டீச்சர் பெரிய ஆளு, ஒடம்பு பூரா பந்தி வெக்கிறது அவதான்."

எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும் விட்டேன். ரத்த வகை நாலு, அதுவும் ஒரு சஹன். ரெண்டே வாரத்தில் வகுப்பு முழுக்க இதே பேச்சு. "இந்தச் சஹன்ல யாரும்மா?" என்று நானே கேட்க ஆரம்பித்துவிட்டேன். தனம்கூட வேர்க்கடலைச் செடியை விட்டுவிட்டு சஹனுக்கு மாறிவிட்டாள், ஆனால் அவள் சஹனில் எப்போதும் ஒரு மாட்டுப் படமும் இருக்கும். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. வரைந்த ஒவ்வொரு மேப்பையும் அக்கா வாட்ஸ்அப்பில் ஷார்ஜாவுக்கு அனுப்புவார். மதியம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் பீர் முகமது அதைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் கேள்வி கேட்பார். அவருக்கு ஆரிக்கிளும் தெரியாது, அணுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. படம் கையில் இருக்கிறதே! நடுவில் இருக்கும் பெயரைச் சொல்லுவார், சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை இவர் சொல்ல வேண்டும். ஒரு நாள் வகுப்பிலேயே ஸ்பீக்கரில் கேட்டேன்.

"ரத்த வகை."

"ஏ, பி, ஏபி, ஓ."

"நாலு பேரும் உக்காந்தாச்சா? அப்ப சரி, அடுத்த சஹன்."

நிபந்தனை போட்ட மனுஷரே பாடமும் கேட்கிறாரே என்று எனக்கு அன்றே ஆச்சரியம். "ஏன்க்கா, உங்களுக்கு எதிர்க்கட்சிதானே அவரு?" என்றேன். "அவருக்குப் பொழுது போவணும்ல," என்று அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

ஏப்ரலில் பரீட்சை எழுதினார்கள். மே மாதம் ரிசல்ட் வந்தது. தனம் பாஸ். எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடி வந்தவள், அக்கா முகத்தைப் பார்த்ததும் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஜைனம்பு அக்கா நாலு பாடத்தில் பாஸ், அறிவியலில் மட்டும் கோட்டை விட்டிருந்தார். அதுவும் நாலே மார்க்கில்.

அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். போனை எடுத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எங்கள் எல்லார் முன்னாலும் விம்மி விம்மி அழுதார்.

"போச்சுங்க... நீங்க வர வழிய நானே அடைச்சிட்டேனே! நாலு மார்க்குங்க..."

அந்தப் பக்கம் பீர் முகமது "ஏம்புள்ள, ஏம்புள்ள அழுவுற?" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஆள் மேல் ஆத்திரம் வந்தது. என்ன மனுஷர் இவர்? விளையாட்டுக்குச் சொன்னேன், அழாதே, வந்துடுறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? சொல்லவில்லை. "ஜூலைல துணைத் தேர்வு இருக்குல்ல, அத எழுது," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கல்நெஞ்சக்காரர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

மறுவாரம் அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். டிபன் பாக்ஸோடு வந்தார். எனக்கு அந்த இடியாப்பத்தை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் தின்ற ஞாபகம் இல்லை. பாஸான தனமும் வந்தாள். "வூட்டுல உக்காந்தா மாடு மேய்க்கச் சொல்லுவாங்க," என்றாள். அக்காவுக்குத் துணையாக வந்திருக்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எங்கே கோட்டை விட்டோம் என்று பார்க்க உட்கார்ந்தோம். கேள்வித்தாளை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, உம்மாவோடு வந்திருந்த ஃபைஸாவை விட்டு அக்காவின் போனைப் புரொஜெக்டரில் இணைக்கச் சொன்னேன். அதுவரை ஒவ்வொரு மேப்பாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது எல்லா மேப்பும் சின்னச் சின்னதாக, வரிசை வரிசையாகத் திரையில் வந்து நின்றன. என்னவோ உறுத்தியது. எண்ணிப் பார்த்தேன். இன்னொரு வரிசையையும் எண்ணினேன்.

"அக்கா! எல்லாத்துலயும் நாலு!"

"ஆமா, சஹனுக்கு நாலு பேருதானே."

"தாவர ஹார்மோன் அஞ்சுக்கா! ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரல்லின், அப்சிசிக் அமிலம். எத்திலீன் எங்க?"

அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது அஞ்சாவது ஆளாச்சே டீச்சர். அஞ்சாவது ஆளு ஒரே சஹன்ல இடிச்சுக்கிட்டு உக்கார முடியுமா? அடுத்த சஹன்ல வெச்சுக்கலாம்னு நிப்பாட்டி வெச்சேன்."

"சரி, அந்த அடுத்த சஹன் எங்க?"

"ஒத்த ஆளுக்கு எப்படி டீச்சர் சஹன் வெக்கிறது? நாலு பேரு சேரட்டும்னு வுட்டுட்டேன்."

எத்திலீன் ஜோடி சேராமல் வாசலிலேயே நின்றிருக்கிறது! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெள்ளை அணுக்கள் அஞ்சு வகை. நியூட்ரோஃபில், ஈசினோஃபில், பேசோஃபில், லிம்போசைட் எல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, மோனோசைட்டைக் காணோம். வெள்ளை ஒளியில் ஏழு நிறம், அக்காவிடம் நாலுதான். மீதி மூன்று நிறமும் இன்னும் ஒரு ஆளுக்காகக் காத்திருந்தன.

"அவரும் நாலு பேரு சொன்னா போதும்னு அடுத்ததுக்குப் போயிடுவாரு," என்றார் அக்கா. நானும்தான் நாலைப் பார்த்துவிட்டு டிக் போட்டிருக்கிறேன், யாரைக் குறை சொல்ல? தனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஃபைஸா சிரித்தாள். கடைசியில் அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். ஃபெயிலானதற்கு அப்படிச் சிரித்த வகுப்பு உலகத்தில் வேறு இருக்காது.

"அஞ்சு பேரா உக்கார வெச்சிடுங்கக்கா, அவ்வளவுதான்," என்றேன்.

அவருக்கு மனசு வரவில்லை. ஆப்பில் அஞ்சாவது கிளையைப் போடுவார், பார்ப்பார், அழிப்பார். "நெருக்கமா இருக்கு டீச்சர். பார்த்தா எனக்கே மூச்சு முட்டுது. யாரு எங்க உக்காந்திருக்கான்னே மறந்துபோவுது," என்றார். பிடிவாதம்! ரெண்டு நாள் இதிலேயே போனது. நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கு ஃபைஸாவின் நிச்சயம் ஞாபகம் வந்தது. படியேறியதும் முதல் வேலையாகக் கேட்டேன்.

"அக்கா, நிச்சயத்தன்னைக்கு நான் பஸ் கெடைக்காம லேட்டா வந்தேனே. எல்லாரும் சாப்ட்டு முடிச்சிட்டாங்க. நான் ஒத்த ஆளு. என்னைய வாசல்லயா நிப்பாட்டி வெச்சீங்க?"

"அல்லாவே! அது எப்படி டீச்சர்? விருந்தாளிய நிக்க வெக்கிறதா? நானே உங்ககூட உக்காந்தேன்ல. அப்படித்தான். ஆளு கொறஞ்சா வூட்டுக்காரி கூட உக்காந்துடணும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்தினார். அவர் போனை எடுத்தார். புதுசாக ஒரு வட்டம் போட்டார். ஒரு பக்கம் எத்திலீன். எதிர்ப்பக்கம் முக்காடு போட்ட ஒரு பெண் பொம்மையைத் தேடிப்பிடித்து வைத்து, கீழே 'நான்' என்று தட்டினார்.

"எத்திலீனோட நான் உக்காந்துட்டேன் டீச்சர்!"

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மோனோசைட்டோடு உட்கார்ந்தார். ஊதா, கருநீலம், நீலம், பச்சை என்று முதல் சஹன் நிறைந்ததும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்போடு நாலாவது ஆளாகத் தானே உட்கார்ந்துகொண்டார். அவரே கூட உட்கார்ந்த ஆட்களை அவர் மறப்பாரா? முதல் நாலு பேரையாவது சில சமயம் யோசித்துச் சொல்வார், தன்னோடு உட்கார்ந்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எத்திலீன் பழத்தைப் பழுக்க வைக்கும் என்பதோடு, அது வாயு என்பதால் தட்டில் சோறு குறையவே இல்லை என்றும் எனக்கு விளக்கினார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் வாயு என்பது அவருக்கு அதற்கப்புறம் மறக்கவே இல்லை.

ஷார்ஜாக்காரரும் மாறிவிட்டார். முன்பெல்லாம் சிரித்துச் சிரித்துக் கேட்பவர், இப்போது கறாராகக் கேட்டார். "நாலு பேரு சொல்லிட்டே. வாசல்ல யாராச்சும் நிக்கிறாங்களா, பாரு" என்பார். ஒரு பெயர் விட்டுப்போனால் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். கடையில் கூட்டமாக இருக்கும், பின்னால் யாராவது அரபியில் ஏதோ கேட்பார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு "ம், மோனோசைட் என்ன பண்ணும், சொல்லு" என்று திரும்பி வருவார். ஒரு நாள்கூட விடவில்லை. வீம்புக்கு ஒரு நிபந்தனை போட்டுவிட்டு அதை ஜெயிக்கவும் வைக்கிறாரே, இவருக்குப் பைத்தியமா என்று நான் தனத்திடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும் டீச்சர், எங்க வூட்டுக்காரரு பரீட்சை என்னைக்குன்னுகூட கேக்கல," என்றாள் அவள்.

ஜூலையில் பெரம்பலூரில் துணைத் தேர்வு. நான் பரீட்சை நடந்த பள்ளியின் வெளியே வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். எழுதி முடித்து வெளியே வந்த அக்கா என்னைப் பார்த்ததும் நேராக வந்து சண்டைக்கு நின்றார்.

"எத்திலீன் வரவே இல்ல டீச்சர்! எவ்வளவு பாசமா கூட உக்கார வெச்சிருந்தேன்! ஒரு வார்த்த கேக்கலயே!"

"மத்ததெல்லாம்?"

"மோனோசைட் வந்தா. நல்லா கவனிச்சு அனுப்பிட்டேன். ஒளியும் வந்துச்சு. எழுதியிருக்கேன் டீச்சர், தாள் வாங்கி வாங்கி எழுதியிருக்கேன்."

பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேரும் கரும்புச் சாறு குடித்தோம். அடுத்து ஆம்பளைகளுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பிக்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் கை முழுக்க இங்க். அதைக் கழுவ மாட்டேன் என்றார்.

ரிசல்ட் வந்த அன்று வகுப்பில் ஒரு ஆள் குறையவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள், பாஸ் பண்ணிப் போனவர்கள், துணிக்கடைக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். நான் நம்பரைத் தட்டினேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

அறிவியல், ஐம்பத்தெட்டு. தேர்ச்சி.

நான் சொன்னேனா, கத்தினேனா தெரியாது. தனம் என்னைக் கட்டிப்பிடித்தாள், நான் ஃபைஸாவைக் கட்டிப்பிடித்தேன், யாரோ மேசையைத் தள்ளிவிட்டுப் புரொஜெக்டரைக் கடைசி நொடியில் பிடித்தார்கள். ஜைனம்பு அக்கா மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். பிறகு போனை எடுத்தார். வீடியோ கால். படத்துக்குள் விழாமல் நாங்கள் எல்லாரும் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றோம்.

"என்னங்க... பாஸ்!"

திரையில் பீர் முகமதுவின் முகம் தெரிந்தது. வழக்கமாகப் பின்னால் தெரியும் பிஸ்கட் அலமாரி இல்லை, வெறும் சுவர்தான் இருந்தது.

"கேக்குதா? பாஸ் பண்ணிட்டேங்க! இத்தன பேரு முன்னாடி சொன்னீங்க. மாறக் கூடாது. அடுத்த மாசம் பெட்டியக் கட்டணும்."

பீர் முகமது கேமராவைத் திருப்பினார். சுவரோரம் கயிறு கட்டிய ரெண்டு பெட்டிகள், ஒரு பெரிய பை, சுருட்டி வைத்த போர்வை.

"கட்டியாச்சு," என்றார். "நாளான்னைக்குத் திருச்சில எறங்குறேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான். ரிசல்ட் வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லையே!

"எப்படிங்க? இப்பத்தானே ரிசல்ட்டு..."

"நீ ஃபெயில் ஆயி அழுதீல்ல, மே மாசம்? மறுநாளே மொதலாளிகிட்ட சொல்லிட்டேன், ஊருக்குப் போறேன்னு. வேற ஆளு பிடிச்சு, விசா கேன்சல் ஆயி, எல்லாம் முடிய இவ்வளவு நாளாச்சு."

"மே மாசமேவா?" அக்காவின் குரல் ஏறியது. "ஏங்க என்கிட்ட சொல்லல? நான் ராவும் பகலும் உக்காந்து..."

"சொல்லியிருந்தா நீ அன்னைக்கே புத்தகத்த மூடி வெச்சிட்டு, நான் வரேன்னு வூட்டுக்கு வெள்ளையடிக்கப் போயிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா? நாலு மார்க்குல வுட்டவ. வுடலாமா அத?"

கல்நெஞ்சக்காரர் என்று நான் திட்டியதை எல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டேன்.

அக்கா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "அப்ப... நான் பாஸ் பண்ணதுக்கும் நீங்க வரதுக்கும் சம்பந்தமே இல்லயா?"

"இல்ல ஜைனம்பு. பாஸ் பண்ணது உனக்காக. நான் வரது எனக்காக."

அக்கா போனைத் தரையில் வைத்துவிட்டு அழுதார். முகத்தை மூடிக்கொள்ளாமல், எங்கள் முன்னால், சிரித்துக்கொண்டே அழுதார். தனம் மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கண்ணில் நீர் நின்றது, துடைக்கவே தோன்றவில்லை. தரையில் கிடந்த போனில் மேலே சுற்றும் ஃபேன் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். "ஏம்புள்ள, எங்க போயிட்ட?" என்று அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்கா கண்ணைத் துடைத்தார். போனை எடுத்து நேராக வைத்தார்.

"மூணு மாசமா என்னை ஏமாத்துனதுக்கு உங்கள நான் சும்மா வுட மாட்டேன். நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க? எட்டுதானே?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"டீச்சர்," என்று அக்கா என் பக்கம் திரும்பினார். "ஆம்பளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை வகுப்பு ஆரம்பிக்கிறேன்னு சொன்னீங்கல்ல? மொதப் பேரா பீர் முகமதுன்னு எழுதிக்குங்க. வயசு நாப்பத்தெட்டு."

"யா அல்லா! டீச்சர், எழுதிடாதீங்க!" என்று ஷார்ஜாவிலிருந்து ஒரு அலறல்.

நான் எழுதிவிட்டேன்.